ஏணிக்கு இருபது புள்ளி

செக்காலை, காரைக்குடி,
14-2-1974, வியாழக்கிழமை.

அன்பிற்குரிய மைத்துனர் தம்பி அழகுசுந்தரத்துக்கு, உங்கள் அத்தான் வீரையா எழுதுவது. உங்கள் அக்கா பொன்னுத்தாயிக்கு முழங்கால் வலி முன்னைக்குத் தேவலை. முத்தழகு நன்றாக இருக்கிறாள். பசுவும் கன்றும் சுகம். கிணற்றில் இன்னும் தண்ணீர் இருக்கிறது. இந்த வீட்டில் நலமில்லாத ஜீவன் நான் ஒருவன்தான். சிங்கப்பூரில் நீங்களும் குழந்தைகளும் சுகமாக இருக்கப் பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் துணை நிற்பாராக.

போன ஆனியில் விடுமுறை முடிந்து நீங்கள் திரும்பும்போது, ரயிலடியில் தகரப் பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். நினைவிருக்கிறதா? “அத்தான், நீங்க கணக்கு வாத்தியார்தானே. ஏணிக்கு இருபது புள்ளி தகுமா, தகாதா? சொல்லுங்க பாப்போம்” என்றீர்கள். நான் சிரித்தேன். “தீக்குச்சி நீளம் ஒரு தகர ஏணி, அதுக்குத் தகுதி வேறயா? வண்டி வந்துருச்சு, ஏறுங்க” என்றேன். அந்தச் சிரிப்புக்கு இப்போது அனுபவிக்கிறேன். அந்த ஏணி என் நெஞ்சின்மேல் சாத்தி வைத்திருக்கிறது, தம்பி. அதில் உங்கள் மருமகள் முத்தழகின் கல்யாணம் பாதி ஏறி நிற்கிறது. மேலே போகுமா கீழே விழுமா என்பது உங்கள் பதிலில்தான் இருக்கிறது.

நீங்கள் முத்தழகுக்குக் கொண்டுவந்து கொடுத்த போர் விளையாட்டுப் பெட்டியைத்தான் சொல்கிறேன். விதிகளை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக, உங்களுக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன். ஆளுக்கு இருநூறு புள்ளி. அதை வைத்து அவரவர் படையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். காலாள் ஒருவனுக்கு ஐந்து புள்ளி. அதுபோக விசேஷச் சாமான்கள்: ஏணி இருபது, ஓடையைக் கடக்கும் பலகைப் பாலம் இருபத்தைந்து, தூரதிருஷ்டிக் கண்ணாடி பதினைந்து, காயம்பட்டவனை எழுப்பிவிடும் மருந்துப்பெட்டி முப்பது. முதலில் இருவரும் என்ன வாங்கினோம் என்று சீட்டில் எழுதி மடித்து வைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் களம் போடுவது, அதாவது கோட்டை, ஓடை என்று வேண்டியதை மேசையில் வைப்பது. களம் போடும் உரிமை மேசை வைத்திருக்கும் வீட்டுக்காரருக்கு. நம் வீட்டு மேசையில் எப்போதும் நடுவில் அட்டைக் கோட்டை ஒன்று, அதைச் சுற்றி மதில். கதவு உள்ளிருந்து மட்டும் திறக்கும். பகடை போட்டு, அங்குல நாடா பிடித்து அளந்து ஆட்களை நகர்த்த வேண்டும். பன்னிரண்டு சுற்று முடியும்போது கோட்டைக்குள் ஐந்து பேர் வைத்திருப்பவர் ஜெயித்தவர். சரிதானே?

இனி நடந்ததைக் கேளுங்கள். முத்தழகைப் பார்க்கச் சிங்கம்புணரியிலிருந்து போன மாதம் முப்பதாம் தேதி வந்தார்கள். பையன் முத்துராமலிங்கம், மின்சார வாரியத்தில் வேலை. நல்ல உயரம், தணிந்த பேச்சு. ஏற்கெனவே உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில் ஒருவரையொருவர் பார்த்திருக்கிறார்கள். நான் கேட்டதற்கு முத்தழகு “சரிப்பா” என்றாள். தம்பி, உங்களுக்குத் தெரியும், அந்தப் பெண் பரீட்சையில் முதல் வகுப்பு வந்ததற்கே “ம்” என்றவள். அவள் வாயிலிருந்து “சரிப்பா” என்று முழுதாக ஒரு சொல் வந்தது என்றால் மனம் முழுதாகப் போய்விட்டது என்று அர்த்தம். அதனால்தான் எனக்கு இந்தப் பதற்றம். இந்த இடம் தட்டிப்போனால் அவள் அதற்கும் “சரிப்பா” என்றுதான் சொல்லுவாள். அதை என்னால் கேட்க முடியாது.

பையனின் தகப்பனார் கோட்டைச்சாமி, பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். மீசையைப் பார்த்தாலே நமக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றும். வந்தவர் செருப்பைக் கழற்றினார், கும்பிட்டார், மூன்றடி வைத்தார், நின்றுவிட்டார். கூடத்து மேசையில் அன்று காலை முத்தழகு பரப்பி விளையாடிய படை அப்படியே இருந்தது. எடுத்து வைக்கச் சொல்லி உங்கள் அக்கா என்னிடம் மூன்று தடவை சொல்லியிருந்தாள். நான் மறந்துவிட்டேன். சுபேதார் பலகாரத் தட்டை ஒரு பக்கம் நகர்த்திவிட்டுக் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். “தெக்குட்டு ஆள் பத்தாதே” என்றார். பிறகு நிமிர்ந்து, “இது யாரு ஆடுறது?” என்றார்.

அறைக் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. முத்தழகு வாயைத் திறக்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் அக்கா என் முதுகில் விரலால் ஒரு குத்துக் குத்தினாள். பெண் பார்க்க வந்த இடத்தில், பெண் சண்டை போடுகிறவள் என்றா சொல்வது? “நான்தான். ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகவில்லை” என்றேன். பார்த்து எழுதிய பையன்களை முப்பத்தொரு வருஷம் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்திய நான், தம்பி, கண் இமைக்காமல் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்த மலர்ச்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பட்டாளத்து அதிகாரிகளுக்குச் சண்டை கற்றுக்கொடுக்கும் பள்ளியில் மணல் மேசை போடுவது பல வருஷம் அவருக்கு வேலையாம். மணலில் மலையும் ஆறும் செய்து வைப்பாராம். அதிகாரிகள் ஆடுவதைச் சுவரோரம் நின்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாராம். ஊரில் அவரோடு ஆட ஆளில்லையாம். “வாத்தியாரே, சீரு செனத்தி நான் கேக்க வரலை. பொண்ணு விசயத்தைப் பொம்பளைக பேசட்டும். நாம ஒரு ஆட்டம் போடுவோம். ஒரு மனுசன் சண்டைக்கு என்னத்தைத் தூக்கிக்கிட்டுப் போறான்னு பாத்தா, அவன் வீடு எப்படின்னு சொல்லிப்புடுவேன்” என்றார். அடுத்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு, பத்தாம் தேதி, என்று முடிவாயிற்று. விதிப் புத்தகத்தை அங்கேயே ஒரு முறை படித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

முத்தழகு அன்று மாலையே என்னிடம் வந்தாள். “அப்பா, நான் சொல்லித் தாரேன். பத்து நாள் இருக்குல்ல” என்றாள். நான்தான், “எனக்கு லாப நட்டம் தெரியாதா? நீ போய்ப் படி” என்றேன். என்ன சாமான் வாங்குவது என்று நானே புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில், பெரிய மேசை ஒன்று இரவல் கேட்கப் பக்கத்து வீட்டு நாகம்மை ஆச்சியிடம் போனேன். அங்கேதான் பிசகியது. எதற்கு மேசை என்று ஆச்சி கேட்டார்கள். சொன்னேன். பெண் கொடுக்கப் போகும் இடத்தார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்ற வரைக்கும்தான் ஆச்சி காதில் வாங்கிக்கொண்டார்கள்.

“வாத்தியாரய்யா, நான் சொல்றதைக் கேளுங்க. எதையும் ஒத்தையா வைக்காதீக. ஒத்தை ஏணி வச்சா, ‘இம்புட்டுத்தானா’ன்னு கேப்பாக. என் கல்யாணத்துக்கு அப்பச்சி சீர்சாமான் பரப்புனப்ப கூடம் பத்தாம முத்தத்துல எறக்கி வச்சாக. அண்டா மட்டும் பதினாறு” என்றார்கள்.

“அந்த அண்டா எல்லாம் இப்ப எங்க ஆச்சி?” என்று கேட்டேன்.

“உள்ளறையிலதான். ஒண்ணு கூட அடுப்புல ஏறலை. புதுசு மாதிரி இருக்கு” என்றார்கள், பெருமையாக.

இந்த ஊரில் முப்பது வருஷம் குடியிருந்தவன் நான். ஆச்சி சொன்னதில் எனக்குத் தப்பே தெரியவில்லை. ஏணி நான்கு வாங்கினேன், எண்பது. பாலம் இரண்டு, ஐம்பது. மருந்துப்பெட்டி முப்பது, கண்ணாடி பதினைந்து. நூற்றெழுபத்தைந்து ஆயிற்று. மிச்சம் இருபத்தைந்தில் ஆள் வாங்கினேன், ஐந்து பேர். ஓர் ஏணியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும் என்று புத்தகத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பதைப் பிறகுதான் பார்த்தேன். அதாவது நான்கு ஏணிக்கு எட்டுப் பேர் வேண்டும். இருப்பது ஐந்து பேர், அதில் ஒருவன் கையில் கண்ணாடி.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன். ஆச்சி தன் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வந்து பார்த்து, “நெறைவா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முத்தழகு ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பெருமிதம் என்று நினைத்தேன்.

சுபேதார் பத்து மணிப் பஸ்ஸில் வந்து இறங்கினார். மடியிலிருந்து ஒரு சுருக்குப்பையை எடுத்து அவிழ்த்துக் கவிழ்த்தார். நாற்பது புளியங்கொட்டைகள். ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்பு மையில் ஒரு புள்ளி. “என் ஆளுகளோடதான் ஆடுவேன். பதினஞ்சு வருசமா எங்கூட இருக்கானுக” என்றார். நாற்பது ஆள், இருநூறு புள்ளி. சாமான் ஒன்றுகூட இல்லை. என் பக்கத்தைப் பார்த்தார். ஏணி, ஏணி, ஏணி, ஏணி, பாலம், பாலம் என்று விரல் விட்டுக்கொண்டே வந்தார். ஐந்து ஆட்களிடம் வந்ததும் விரல் நின்றுவிட்டது.

“வாத்தியாரே, சண்டைக்கு வந்திருக்கீகளா, இல்ல வீடு குடிபோறீகளா?” என்றார்.

பார்த்துவிட்டார், இனி எதற்கு வெளியே கிடக்க வேண்டும் என்று, மூன்று ஏணியையும் இரண்டு பாலத்தையும் மருந்துப்பெட்டியையும் பஞ்சில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன், தம்பி. பரப்பியதைப் பார்க்க வேண்டியவர்கள் பார்த்த பிறகு உள்ளே வைத்துப் பூட்டுவதுதானே முறை? உங்கள் அக்காவும் அடுக்களையிலிருந்து, “பெயிண்டு தேஞ்சிரும், பாத்து எடுங்க. அழகுசுந்தரம் ஆசையா வாங்கியாந்தது” என்றாள்.

ஆட்டம் ஆரம்பித்தது. என் ஆட்களில் ஒருவன் ஏழு சுற்றுக் கண்ணாடி வைத்துப் பார்த்தான். அவன் கண்டுபிடித்தது, எதிரே நாற்பது புளியங்கொட்டை இருக்கிறது என்பது. அது என் மூக்குக்கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. சுபேதாரின் நாற்பது பேரும் மளமளவென்று ஓடி வந்து கதவுப் பக்கத்து மதிலை வளைத்தார்கள். வளைத்து நின்றார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள். ஏற ஏணி இல்லை, கதவு திறக்க உள்ளே ஆளில்லை. மண்ணெண்ணெய்க் கடை வாசலில் கடைக்காரன் வருவதற்காக ஜனங்கள் நிற்பது போல அத்தனை பேரும் நின்றார்கள். நான் பின்பக்கமாக ஒரே ஏணியைச் சாத்தி ஒவ்வொருவனாக ஏற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாமவன் ஏறும்போது சுபேதாருக்குப் பகடையில் ஆறு விழுந்தது. என் ஆள் கீழே விழுந்தான், காயம். மருந்துப்பெட்டி பக்கத்தில் இருந்தால் எழுந்திருப்பான். முப்பது புள்ளி கொடுத்து வாங்கிய மருந்துப்பெட்டி பஞ்சுக்குள் பத்திரமாக இருந்தது. சண்டை தொடங்கிய பிறகு பெட்டியிலிருந்து எதையும் எடுக்கக் கூடாதாம். சுபேதார் விதி சொன்னார். உள்ளறையிலிருந்து, “ஐயோ அப்பா” என்று மெல்ல ஒரு குரல் கேட்டது.

பன்னிரண்டு சுற்று முடிந்தது. எனக்கு உள்ளே நான்கு பேர், அவருக்கு வெளியே நாற்பது பேர். யாருக்கும் வெற்றியில்லை.

சுபேதார் மதிலின் உயரத்தை விரலால் அளந்து பார்த்தார். பிறகு புளியங்கொட்டைகளை எண்ணிப் பைக்குள் போட்டார். முப்பத்தொன்பது. ஒன்றைக் காணோம். மேசைக்கடியில் நானும் அவரும் தலை முட்டிக்கொள்ளத் தேடினோம். கிடைக்கவில்லை. அவர் போன பிறகு உங்கள் அக்கா கூடத்தைப் பெருக்கியபோது, அடுக்களையில் புளி ஆய்ந்த கொட்டை ஒன்று உருண்டு வந்துவிட்டது என்று நினைத்துச் சட்டிக்குள் போட்டிருக்கிறாள். அந்தச் சட்டியில் அரைப்படிக் கொட்டை கிடக்கிறது. சுபேதார் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “வாற இருபத்திநாலாந்தேதி இன்னொரு ஆட்டம் போடுவோம். அதைப் பாத்துட்டுத்தான் நாள் குறிக்கிறதா வேணாமான்னு சொல்லுவேன்” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார். காப்பி கூடக் குடிக்கவில்லை.

அந்தப் பொய் சொன்ன நாளிலிருந்தே சரியாக இறங்காத சோறு, அன்று முதல் அறவே இறங்கவில்லை. ஜெயித்தால் அவருக்குக் கோபம் வருமோ? தோற்றால், இந்த வீட்டுப் பெண் எதற்கும் ஆகாது என்று நினைப்பாரோ? அதைவிடப் பெரிய கேள்வி, சீட்டில் என்ன எழுதுவது? பிள்ளைகளுக்குச் சொல்லுவதுபோல எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஏணியின் விலை இருபது புள்ளி என்று புத்தகம் சொல்கிறது. உண்மையில் அதன் விலை, வராமல் போன நான்கு ஆட்கள். ஸ்டவ் குத்துகிற பின்னை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பைசாச் சாமான். அது ஒன்று இல்லாவிட்டால் ஐம்பது ரூபாய் ஸ்டவ் வெறும் பித்தளை. ஆனால் பன்னிரண்டு பின் வாங்கி வைத்தால் சோறு பன்னிரண்டு மடங்கு சீக்கிரம் வேகுமா? முதல் ஏணி ஸ்டவ் பின். நாலாவது ஏணி ஆச்சி வீட்டு அண்டா. இதுவரை சரியாக வந்தது. அப்படியானால் ஒரே ஏணி, முப்பத்தாறு ஆள் என்று எழுதிவிடலாம் அல்லவா? ஆனால் என் சைக்கிள் டைனமோவை நினைத்துக்கொண்டேன். சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு மிதியைக் கனமாக்குகிறது. போன வருஷம் முழுக்க அது எனக்கு உதவியது இரண்டு தடவை, இரண்டு தடவையும் போலீஸ்காரர் நின்றிருந்தார். மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாள் வெறும் பாரம். ஏணி பின்னா, டைனமோவா? ஒரு பக்கம் தீர்மானித்தால் மறு பக்கம் சரிகிறது, தம்பி. முப்பத்தொரு வருஷம் விடை உள்ள கணக்கையே போட்டுப் பழகியவன் நான். பின்பக்கத்தில் விடை அச்சடிக்காத கணக்கு இதுதான் முதல் தடவை.

செவ்வாய்க்கிழமை பிள்ளையார்பட்டிக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்தோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் ஏணி, சிவப்பு வந்தால் ஆள் என்று நான் மனதில் வைத்துக்கொண்டேன். வெள்ளை வந்தது. எனக்கு உயிர் வந்தது. அருகில் உங்கள் அக்கா கண்ணில் நீரோடு, “வைகாசின்னு வந்துருச்சுங்க” என்றாள். அவள் வெள்ளைக்கு வைகாசி, சிவப்புக்கு ஆனி என்று நினைத்துக் கட்டியிருக்கிறாள். பொட்டலம் கட்டியது அவள், பணம் போட்டது நான். சாமி யாருக்குப் பதில் சொன்னது?

“கல்யாணமே நடக்குமான்னு தெரியல, மாசம் கேக்கிறியே” என்றேன்.

“நடக்குமான்னு கேட்டா நடக்காதுன்னும் வரும்ல? அதான் மாசத்தைக் கேட்டேன்” என்றாள். அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது.

நேற்று முத்தழகு மறுபடி வந்தாள். நான் அங்குல நாடாவோடு மேசையைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

“அப்பா, பேசாம உண்மையைச் சொல்லிருங்க. நானே ஆடுறேன்.”

“என்னன்னு சொல்றது? எம்பொண்ணு சண்டை போடுவா, கட்டிக்கங்கன்னா?”

“கல்யாணத்துக்கப்புறம் தெரிஞ்சா மட்டும் நல்லாருக்குமா? நான் அங்க போயி ஆடாம இருப்பேன்னு நினைக்கிறீகளா?”

“கொஞ்ச நாள் ஆடாம இரேன்மா.”

“நீங்க கொஞ்ச நாள் கணக்குப் போடாம இருங்க பாப்போம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் கோபமாகப் போகவில்லை, சிரித்துக்கொண்டுதான் போனாள். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. இந்த வீட்டில் பயப்பட வேண்டியவள் பயப்படாததால் அவள் பங்கையும் சேர்த்து நானே பயப்பட வேண்டியிருக்கிறது.

ஆகவே தம்பி, இந்தக் கடிதம் கண்டதும் தந்தி அடியுங்கள். இருபத்திரண்டாம் தேதிக்குள் என் கைக்கு வர வேண்டும். நீளமாக எழுத வேண்டாம். ‘ஏணி’ என்றோ ‘ஆள்’ என்றோ ஒரே சொல் போதும். நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதை அப்படியே சீட்டில் எழுதுவேன். மருந்துப்பெட்டிக்கும் ஒரு வழி சொன்னால் புண்ணியம். ஆனால் தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு, அது உங்கள் சௌகரியம். சுபேதாரிடம் தோற்க வேண்டுமா ஜெயிக்க வேண்டுமா என்பதை நான் பிள்ளையாரிடமே விட்டுவிடுகிறேன். இந்தத் தடவை உங்கள் அக்காவை அழைத்துக்கொண்டு போக மாட்டேன்.

உங்கள் குழந்தைகள் நோயில்லாமல் வளர்ந்து, கணக்கில் நூறு வாங்கி, கேட்ட கேள்விக்குச் சிரிக்காமல் பதில் சொல்லும் பெரியவர்களாக விளங்கட்டும். உங்கள் வீட்டில் விளக்கும் அடுப்பும் ஒருநாளும் அணையாதிருக்கட்டும். அக்கா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். முத்தழகு மாமாவுக்குக் கும்பிடு சொல்கிறாள்.

இப்படிக்கு,
அத்தான் வீரையா

பின்குறிப்பு, 16-2-74, சனி மாலை:

தந்தி அடிக்க வேண்டாம். மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம்.

வீட்டில் பசை தீர்ந்திருந்ததால் நேற்று முழுவதும் கடிதம் ஒட்டாமல் கிடந்தது. இன்று காலை தபாலாபீசுக்குக் கொண்டு போனேன். இத்தனை கனத்துக்கு இந்தத் தபால்தலை போதாது என்றார்கள். சில்லறை எடுக்க வீட்டுக்குத் திரும்பினால், வாசலில் சுபேதாரின் செருப்பு கிடந்தது. கூடத்தில் மேசைக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் முத்தழகு. அடுக்களை வாசலில் உங்கள் அக்கா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. அவள் கவனிக்கவில்லை.

நடந்ததை அவள்தான் பிறகு சொன்னாள். “என் ஆள் ஒருத்தன் இங்க கைதியா இருக்கான், கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்” என்று சுபேதார் வாசலில் வந்து நின்றாராம். முத்தழகு உள்ளே போய் நம் மருந்துப்பெட்டியைக் கொண்டுவந்து திறந்தாளாம். முன்பே அரைப்படிக் கொட்டையையும் கொட்டி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துச் சிவப்புப் புள்ளிக்காரனைக் கண்டுபிடித்து, பஞ்சுக்குள் படுக்க வைத்திருக்கிறாள். எனக்குக்கூடச் சொல்லவில்லை.

“யாரும்மா இவனுக்கு வைத்தியம் பாத்தது?”

“நான்தான் மாமா. ஆட்டமும் என்னோடதுதான். அப்பாவுக்கு ஆடத் தெரியாது. எனக்காகப் பொய் சொல்லிட்டாக.”

உங்கள் அக்கா மனதுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டாளாம். “அப்ப உக்காரு” என்றாராம் சுபேதார்.

போன ஆட்டத்தில் ஏணி இல்லாமல் பட்ட பாட்டுக்கு, ஈர்க்குச்சியில் நான்கு ஏணி கட்டிக் கொண்டுவந்திருக்கிறார். எண்பது புள்ளி. இருபத்துநான்கு ஆள். சீட்டை மடித்து வைத்தார்கள். களம் போட வேண்டிய நேரம். முத்தழகு கோட்டையையும் மதிலையும் இரண்டு கையாலும் தூக்கி அலமாரிக்குள் வைத்துவிட்டு, நடுவில் ஒரே ஓர் ஓடையை மட்டும் போட்டாளாம். அவள் சீட்டில் ஒரு பாலம், முப்பத்தைந்து ஆள்.

“கோட்டை எங்கம்மா?”

“இன்னைக்கு இல்ல மாமா. அஞ்சு பேரு ஓடையைத் தாண்டுனாப் போதும். களம் போடுறது வீட்டுக்காரக உரிமைதானே.”

நான் உள்ளே நுழையும்போது சுபேதார் இருமல் வரும்வரை சிரித்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் அந்த மனிதர் பட்டாளத்துக்காரர் என்பதைக் காட்டினார். நான்கு ஏணியையும் எடுத்து ஓடையின் குறுக்கே படுக்கப் போட்டு, இருபத்துநான்கு பேரையும் அதன்மேல் நடத்தத் தொடங்கினார். “ஏணியைப் படுக்கப் போட்டா பாலம்!” என்றார். “செல்லாது மாமா. பாலம்னா இருபத்தஞ்சு புள்ளி குடுத்து வாங்கணும்” என்றாள் அவள். புத்தகத்தைப் புரட்டினோம். இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகும்வரை இரண்டு பேரும் வாதாடினார்கள். அந்தப் பெண் இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதே இல்லை.

கடைசியில் அவர் என்னைப் பார்த்து, “வாத்தியாரே, நீங்க சொன்ன அந்தப் பொய்யி. அதுக்கு எத்தனை புள்ளி குடுத்தீக?” என்றார்.

“பதினேழு நாள் சோறு” என்றேன்.

“கொள்ளை வெலை. ஒரு தடவைகூட ஒதவலையே” என்றார். பிறகு உங்கள் அக்கா பக்கம் திரும்பி, “தாயி, இந்த ஏணி வழக்கைத் தீக்காம விடப்போறதில்ல. ஆனா தினம் பஸ்ஸுக்குக் காசு குடுத்து வந்து வாதாட நம்மால ஆகாது. வைகாசியில புள்ளைய அங்குட்டு அனுப்பி வையிங்க. வீட்டுல வச்சுப் பேசிக்கிறோம்” என்றார். உங்கள் அக்கா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். முத்தழகு ஓடையைப் பார்த்தபடியே, “சரி மாமா, ஆனா அது செல்லாது” என்றாள்.

நாள் குறித்ததும் முறையாக எழுதுகிறேன். லீவுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். ஏணி பாலமாகுமா ஆகாதா என்று இரண்டு பேரும் உங்களைத்தான் மத்தியஸ்தராக வைத்திருக்கிறார்கள். என்னைப்போல உட்கார்ந்த இடத்தில் கணக்குப் போட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். முதலில் ஏணியைப் படுக்கப் போட்டு ஓர் ஆட்டம் ஆடிப் பாருங்கள்.